பச்சை இரண்டாம் கட்டத்தில் வரும்

ரயில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் 'விபத்தின்றி 6,981 நாட்கள்' என்று ஒரு பெரிய பலகை நிற்கிறது. தினமும் காலையில் ஒருவர் ஏணி போட்டு ஏறி அந்த எண்ணை மாற்றுவார். நிறுவனம் தொடங்கியே அத்தனை நாட்கள்தான் ஆகின்றன. அங்கே ரயில் எதுவும் ஓடுவதில்லை. தண்டவாளமும் கிடையாது. இருப்பதெல்லாம் நான்கு மாடிக் கட்டடமும், அதன் முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாத ஒரு புல்தரையும்தான். எண்ணை மாற்றுபவர் ஏணியிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறார். அது ரயில் விபத்து ஆகாது என்று ஒரு குழு கூடித் தீர்மானித்துவிட்டதால் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றவர் நிதானம். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. முப்பத்தொரு வருடம் எஞ்சின் ஓட்டி, ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கைத் தாண்டாதவர் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் இது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். இன்னும் மூன்று நாளில் அவருக்குப் பணி ஓய்வு. அந்த மூன்று நாளையும் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்தவரிடம்தான், 'கறைபடாத பதிவேடு உள்ள ஓட்டுநர் ஒருவர் ஆராய்ச்சிக்குத் தேவை' என்ற உத்தரவு வந்து சேர்ந்தது.

"சார், அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல கண் கட்டு பிரிக்கிறாங்க," என்று அவர் தன் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தானே? இது நாற்பது நிமிஷ வேலை. போய் உட்கார்ந்துட்டு வந்துடுங்க. பத்தரைக்கு நீங்க வெளியில நிப்பீங்க."

மனைவிக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருந்த கண்ணும் மங்கிக்கொண்டே வர, ஐந்து நாளைக்கு முன்னால்தான் அதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பார்வை வரும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. முந்தின நாள் மாலை, கட்டுப் போட்ட முகத்தை அவர் பக்கம் திருப்பி அவள் சொன்னாள்: "புள்ளைங்க பொறந்தப்போ நீங்க லைன்ல இருந்தீங்க. எங்கம்மா போனப்போவும் லைன்லதான் இருந்தீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. நாளைக்கு மட்டும் வந்துடுங்க. கண்ணு தெரிஞ்சா முதல்ல உங்களைப் பார்க்கணும். தெரியலைன்னா நீங்க பக்கத்துல இருக்கணும்."

வருகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார் நிதானம். அடித்த அந்தக் கை இப்போது நிறுவனத்தின் வாசல் அறையில் வேறொரு சத்தியத்துக்காக நீட்டப்பட்டது. 'பாதுகாப்பே என் மூச்சு, என் மூச்சே பாதுகாப்பு' என்று மூன்று முறை சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். சொன்னார். கைபேசியை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டினார்கள். தலையில் ஹெல்மெட்டும் உடம்பில் ஆரஞ்சு நிற மேலங்கியும் ஏறின. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் நான்கு படி ஏறிவிட்டார் என்று ஒரு காவலர் விசில் அடித்து, கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏறச் சொன்னார். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரத்து இருநூறு பேரை இழுத்துக்கொண்டு போகிற மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படியையும் பயபக்தியோடு ஏறினார்.

மேலே கூட்ட அறையில் இயக்குநர் காத்திருந்தார். உருண்டையான, சிரித்த முகம் உள்ள மனிதர். அவருடைய மேலங்கியில் மட்டும் பொன்னிறக் கோடு. அங்கே எந்தக் கூட்டமும் 'பாதுகாப்பு நிமிடம்' இல்லாமல் தொடங்காது. அந்த வாரம் தான் தப்பிப் பிழைத்த ஆபத்தை யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து, காகிதம் தைக்கும் கருவி தன் கட்டைவிரலுக்கு மிக அருகில் வந்ததைக் குரல் நடுங்க விவரித்தார். எல்லோரும் ஒரு நிமிடம் கண்மூடி நின்றார்கள்.

"இந்த நிறுவனத்தைப் பத்தி வெளியில ஏதேதோ பேசுறாங்க," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "பத்தொன்பது வருஷமா என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கேக்குறாங்க. எங்க முதல் அறிக்கையைப் படிச்சவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க. உலகத்துல நடந்த அத்தனை ரயில் விபத்தையும் ஆராய்ஞ்சு பார்த்தோம். எல்லாத்துக்கும் பொதுவான ஒரே காரணம் இருந்துச்சு. ரயில் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இதை எங்களுக்கு முன்னாடி யாரும் எழுத்துல கொண்டு வரலை."

கைதட்டல் எழுந்தது. நிதானமும் தட்டினார். தட்டாவிட்டால் மறுபடி கீழே இறங்கி ஏறச் சொல்வார்களோ என்று அவருக்குப் பயம்.

"இப்போ எங்க கவனமெல்லாம் ஓட்டுநர் மேலதான்," என்று இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். "ஓட்டுநர் முழிச்சுக்கிட்டு இருக்காரா, இல்லையா? அதை நிமிஷத்துக்கு நிமிஷம் கண்டுபிடிக்கிற இயந்திரம் தயார். நீங்க வெறுமனே உட்கார்ந்தா போதும்."

அடுத்த கூடத்தின் நடுவில், தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய மாதிரி எஞ்சின் அறை ஒன்று இருந்தது. முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய திரை. உள்ளே நிஜ எஞ்சினில் உள்ள எல்லாமே இருந்தன. நிதானத்துக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. இருக்கையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு 'டக்' என்று பூட்டியது. திரையில் ஒரு தண்டவாளம் விரிந்தது. இரு பக்கமும் பச்சைப் பசேல் என்று வயல்கள். கைப்பிடியைத் தள்ளினார், ரயில் நகர்ந்தது.

ஒரு நிமிடம் ஆனதும் தலைக்கு மேலிருந்து பெண் குரல் ஒன்று கேட்டது. "நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

"ஆமாங்க."

"பதில் ஏற்கப்படவில்லை. நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

வெளியே கண்ணாடியை ஒட்டி நின்ற பெண் ஆய்வாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். "சார், 'ஆம்'னு மட்டும் சொல்லணும். சொல்லும்போதே வலது கால் மிதியை ஒரு தடவை அழுத்தணும்."

"ஆம்," என்றார் நிதானம், மிதியை அழுத்தியபடி. நிமிடத்துக்கு ஒரு தடவை அது கேட்டது, நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் சொன்னார். ஒன்பதாவது 'ஆம்'முக்குப் பிறகு தூரத்தில் சிக்னல் தெரிந்தது. அவர் கை தானாக நீண்டு அதைச் சுட்டிக் காட்டியது. வாய் உரக்கச் சொன்னது: "சிவப்பு!"

எஞ்சினில் எப்போதும் இருவர் இருப்பார்கள். ஒருவர் விளக்கின் நிறத்தைச் சொன்னால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கண் ஏமாந்தாலும் இன்னொரு கண் ஏமாறாது என்பதற்காக இந்த வழக்கம். இங்கே திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. "சிவப்பு," என்று தானே திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் பிரேக்கைப் பிடித்தார். ரயில் சிக்னலுக்குச் சரியாக நாற்பதடி முன்னால் பூப்போல நின்றது. வெளியே நின்றவர்கள் குறிப்பேட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

மணி ஒன்பது ஐம்பது.

பத்தேகாலுக்கும் அது சிவப்பாகவே இருந்தது. பதினொன்றுக்கும் அப்படித்தான். பதினொன்றரைக்கு நிதானம் ஒலிவாங்கியை எடுத்து மரியாதையாகக் கேட்டார். "அம்மா, பச்சை எப்போ விழும்?"

ஆய்வாளர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து (பத்து 'ஆம்' கழித்து) இரண்டாவது மாடியிலிருந்து சிக்னல் பிரிவு அதிகாரி இறங்கி வந்தார். ஒரு கையில் கோப்பும் மறு கையில் மாடிப்படிக் கைப்பிடியுமாக வந்ததால் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

"பச்சை இந்தக் கட்டத்துல கிடையாதே," என்றார் அவர், ஆச்சரியத்தோடு. "முதல் கட்டத்துல சிவப்பு. இரண்டாம் கட்டத்துல பச்சை. பாதுகாப்புக்கு முதல்ல தேவை சிவப்புதானே? அதை முடிச்சுக் கொடுத்துட்டோம். நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நான் எப்படி வெளியில வர்றது?"

"அது கதவுப் பிரிவு."

கதவுப் பிரிவு மூன்றாவது மாடி. அவர்கள் எழுத்து மூலம் பதில் அனுப்பினார்கள்: ஓடும் பாதையில் நிற்கும் ரயிலிலிருந்து யாரும் இறங்குவது ஆபத்து. எனவே ரயில் நிலையத்தை அடைந்தால் ஒழியக் கதவு திறக்காது. மாதிரி எஞ்சின் அறை கூடத்தின் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. ஆய்வாளர் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் கதவைத் தொடலாம்.

"நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

"ஆம்," என்றார் நிதானம். அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

முப்பத்தொரு வருட அனுபவம் கை கொடுக்கும் என்று நினைத்தார். சிக்னல் கெட்டுப்போய்ச் சிவப்பிலேயே நின்றுவிட்டால் அதற்கு வழி உண்டு. நிலைய அதிகாரி ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர்ந்து போகலாம். அதைக் கேட்டார்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தத் திட்டத்துல நிலைய அதிகாரி பதவி ஒண்ணு இருக்கு சார். ஆள் எடுக்கலை. போன வருஷம் நேர்காணல் வரைக்கும் வந்துச்சு."

"இயக்குநர் ஐயா கையெழுத்துப் போடலாமே?"

இயக்குநர் வந்து கண்ணாடி வழியாகச் சிரித்தார். "நான் எல்லாருக்கும் மேல இருக்கேன். அதனால யாருக்குப் பதிலாவும் கையெழுத்துப் போட முடியாது. நிர்வாகத்தோட அழகே அதுதான். நீங்க கவலைப்படாதீங்க, ரொம்ப அருமையான தகவல் வந்துக்கிட்டு இருக்கு. மூணு மணி நேரமா ஒரு ரயில் அசையாம நிக்குது. ஒரு விபத்து கிடையாது! இதை நாடு பூரா கொண்டு போகலாம்னு யோசிக்கிறோம்."

"ஐயா, நான் கொஞ்சம் வெளிக்குப் போகணும்."

"அடுத்த நிலையத்துல போகலாம்."

"இதுக்குள்ள வசதி எதுவும்…"

"நிஜ எஞ்சின்ல எப்படியோ அப்படியேதான் செஞ்சிருக்கோம்," என்று இயக்குநர் பெருமையோடு சொன்னார். "ஒரு துளி வித்தியாசம் இருக்காது."

அது உண்மைதான். நிஜ எஞ்சினிலும் கழிவறை கிடையாது. முப்பத்தொரு வருடமாகக் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பழகியவர் இப்போதும் அப்படியே உட்கார்ந்தார். சாப்பாடும் தரவில்லை. ஓட்டுநர் ஓட்டும்போது சாப்பிடுவது கவனக்குறைவு. அவர் ஓட்டிக்கொண்டிருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போனபோது ஆய்வாளர் மட்டும் திரும்பி வந்தார். நாற்பது வயதை நெருங்கும் பெண். பதினோரு வருடமாக இளநிலை ஆய்வாளர். கண்ணாடிக்கு அருகில் வந்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்தியபடி பேசினார். "சார், பேசாம சிவப்பைத் தாண்டிடுங்க. இது வெறும் படம்தானே? ஒருவேளை மென்பொருள் குழம்பிப் போய்க் கதவு திறந்துக்கலாம்."

"சிவப்புக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லை சார். பாதை இன்னும் போடலை. தாண்டினா என்ன வரும்னு எங்களுக்கே தெரியாது. நான் இங்க சேர்ந்தப்போ சிவப்புகூட இல்லை."

"தாண்டினா பதிவுல ஏறுமா?"

"ஏறும் சார். உங்க பதிவேட்டோட இதை இணைச்சுட்டாங்க."

நிதானம் கைப்பிடியைப் பார்த்தார். தள்ளுவதற்கு ஒரு விரல் போதும். மணி ஒன்று ஐம்பது. ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து அரை மணி நேரம். அவள் கட்டுப் போட்ட முகத்தோடு வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"அம்மா, நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒருத்தர் சிவப்பைத் தாண்டிட்டார். நல்ல மனுஷன், ஒரு நொடி அசந்துட்டார், அவ்வளவுதான். நாங்க அஞ்சு பேர் உதவிக்குப் போனோம். செருப்பு பொறுக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. ஜோடி சேர்த்து வைக்கச் சொன்னாங்க. ஒரு நாள் முழுக்கச் சேர்த்தேன். பாதிக்கு மேல ஜோடி சேரலை." அவர் திரையில் நின்ற விளக்கைக் காட்டினார். "படமோ, நிஜமோ, சிவப்பு சிவப்புதான்மா. அதைத் தாண்டுறதுக்குப் பதிலா நான் செத்துப் போகலாம்."

"நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

"ஆம்."

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் மேஜைக்குப் போய், தலையணை கனத்துக்கு இருந்த கையேட்டை எடுத்து, 'கதவு' என்ற அத்தியாயத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். எட்டு வருடத்தில் அந்தக் கையேட்டைத் திறந்த முதல் ஆள் அவர்தான். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இதற்கிடையில் மூன்று மணிக்கு வாசல் அறையில் ஒரே சத்தம். நிதானத்தின் மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "எங்க அத்தான் உள்ள இருக்கார். பத்தரைக்கு வந்துடுவேன்னு சொன்னார். அக்கா அங்க தவிச்சுக்கிட்டு இருக்கா. ஃபோனும் எடுக்க மாட்டேங்கிறார்!"

"அவர் ரயில்ல இருக்கார்," என்றார் காவலர்.

"எந்த ரயில்ல? இங்க ஏதுய்யா ரயில்?"

"கத்தாதீங்க. முதல்ல சத்தியம் செய்யுங்க."

மைத்துனன் சத்தியம் செய்தான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டான். பதற்றத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதால் மூன்று முறை கீழே இறக்கி விடப்பட்டான். ஒருவழியாகக் கூடத்துக்குள் வந்து, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்ததும் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினான்.

"அத்தான்! என்ன அத்தான் இது? இறங்கி வாங்க!"

"சிவப்பு மாப்பிள்ளை," என்றார் நிதானம் பரிதாபமாக, திரையைக் கைகாட்டி. "அக்கா என்ன சொல்றா?"

"நீங்க வராம கட்டை அவிழ்க்க விடமாட்டேங்கிறா. டாக்டர் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார். அப்புறம் பத்து நாள் லீவு. இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்காம விட்டா கண்ணுக்கு ஆகாதுன்னு கத்திக்கிட்டு இருக்கார்."

நிதானம் கதவை ஓங்கித் தட்டினார். காலால் உதைத்தார். கதவு நல்ல கதவு. அந்த நிறுவனம் செய்ததிலேயே உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் ஆய்வாளர் கையேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் ஓடக் கூடாது. காவலரின் விசில் பின்னாலேயே வந்தது. "சார், கதவு திறக்க இன்னொரு வழி இருக்கு. ஒண்ணு, நிலையம் வரணும். ரெண்டாவது…" அவர் மூச்சு வாங்கினார். "ஓட்டுநர் இறந்துட்டா திறக்கும். மூணு தடவை கேட்டும் பதில் வரலை, கண்ணும் மூடியிருக்குன்னா இயந்திரம் மரணம்னு பதிவு செய்யும். உடலை வெளியில எடுக்கணும்ல, அதுக்காக."

நிதானம் அவரைப் பார்த்தார். "அதுல சிவப்பைத் தாண்டினதா வருமா?"

"வராது சார். சிவப்புல நின்னு இறந்ததா வரும்."

"அப்போ சரி," என்றார் நிதானம். மணி மூன்று ஐம்பத்தைந்து.

சாவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் தடவை குரல் கேட்டதும், கண்ணை மூடியிருந்த மனிதரின் வாய் தன்பாட்டுக்கு "ஆம்" என்றது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது முயற்சியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கால் மிதியை அழுத்திவிட்டது. பாவம், அது என்ன செய்யும்? முப்பத்தொரு வருடம் எஞ்சினில் மிதி அழுத்திப் பழகிய கால். மூன்றாவது தடவை வலது காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். உதட்டைப் பற்களுக்குள் கடித்துக்கொண்டார்.

எஞ்சினில் உட்கார்ந்து அவர் கண்ணை மூடியதே இல்லை. மூடிய கண்ணுக்குள் ஒரே இருட்டு. ஐந்து நாளாக அவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது நினைத்தார்.

"நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

உதட்டில் ரத்தம் கசிந்தது.

"நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?"

கால் துடித்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா?" சற்றுப் பொறுத்து அதே குரல், அதே இனிமையோடு: "ஓட்டுநர் காலமானார். பயணிகள் அமைதி காக்கவும்."

கதவு திறந்துகொண்டது.

கூடம் முழுக்க ஆரவாரம். இயக்குநர் கைப்பிடியைப் பிடிக்காமலேயே மாடியிலிருந்து இறங்கி வந்தார். "வேலை செஞ்சிருச்சு! எட்டு வருஷமா இதை மட்டும் சோதிக்கவே முடியலை. கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க!" நிதானம் எழுந்திருக்கப் போனார். இயக்குநர் அவர் மார்பில் கை வைத்து அழுத்தினார். "அசையாதீங்க. நீங்க எழுந்து நடந்தா இயந்திரம் தப்புன்னு ஆயிடும். அப்புறம் உள்ளே போய் மறுபடி முதல்லேர்ந்து உட்காரணும்."

மறுபடி என்ற சொல்லைக் கேட்டதும் நிதானம் பிணத்திலும் பிணமாகக் கிடந்தார்.

நான்கு பேர் தூக்குப்படுக்கையில் அவரைச் சுமந்தார்கள். பதினெட்டுப் படியையும் ஒவ்வொன்றாக, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கியதில் பிணம் இரண்டு முறை சரியப் பார்த்தது. வாசல் அறையில் மைத்துனன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது: 'உடலை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' அதைப் படித்ததும் விஷயம் தெரிந்தும் அவனுக்குக் கண் கலங்கியது. நிதானம் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து மூடினார். காவலர் பிணத்தின் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, கைபேசியைத் திருப்பித் தந்தார்.

கார் தெரு முனை திரும்பியதும் நிதானம் எழுந்து உட்கார்ந்தார். வழியில் ஒரே ஒரு இடத்தில் மூன்று நிமிடம் நிறுத்தச் சொன்னார். எதற்கென்று மைத்துனன் கேட்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தார். டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கட்டிலின் விளிம்பில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் முகம் திரும்பியது. "வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"இனிமே பிரிங்க டாக்டர்."

துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. கடைசிப் பஞ்சையும் எடுத்துவிட்டு, "மெதுவாத் திறங்கம்மா. ஏதாவது தெரியுதா?" என்றார் டாக்டர். நிதானத்தின் வலது கால் தரையை ஒரு தடவை அழுத்தியது. அவள் இமை துடித்தது. கண்ணீர் வழிந்தது.

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியின் மூடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன நிறம்?"

அவள் கழுத்தை நீட்டி, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "சிவப்பு."

"சிவப்பு!" என்று திருப்பிச் சொன்னார் நிதானம். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது?"

"பச்சை," என்றாள் அவள்.

அன்று காலையிலிருந்து நிதானம் காத்திருந்த சொல் அது. "பச்சை," என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. அவள் கண் கோப்பிலிருந்து மெல்ல நகர்ந்து அவர் மேல் வந்து நின்றது.

"உதட்டுல என்ன ரத்தம்?" என்றாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் கோப்பை மூடாமல் எதையும் முடிப்பதில்லை. ஐந்து நாள் கழித்து நீளமான உறையில் ஒரு கடிதம் வந்தது. 'மறைந்த ஓட்டுநரின் மனைவி அவர்களுக்கு' என்று முகவரி. அவளே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தாள். புதுக் கண்ணால் அவள் படித்த முதல் கடிதம் அது.

தங்கள் கணவரின் மறைவுக்கு நிறுவனம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அவரது மரணத்தை இயந்திரம் நூற்றெண்பது நொடியில் கண்டறிந்தது ஒரு சாதனை. நின்ற ரயிலில் நிகழ்ந்ததால் இது விபத்தில் சேராது. பலகை 6,986 நாட்களை எட்டியிருக்கிறது. இறந்தவருக்கு ஓய்வு அளிக்க விதி இல்லாததால் அவரது ஓய்வு உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது. மரணத்தை ரத்து செய்ய விரும்பினால், அவர் அதே இருக்கையில் அமர்ந்து அதே இயந்திரத்தின் கேள்விக்குப் பதில் அளிக்க வேண்டும். மேலும், அவர் விட்டுச் சென்ற ரயில் இன்னும் சிவப்பு விளக்கின் முன் ஓட்டுநர் இன்றி நிற்கிறது. இது கடுமையான பாதுகாப்பு மீறல். ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து பொறுப்பேற்குமாறு மறைந்தவருக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும்.

அவள் படித்து முடிப்பதற்குள் நிதானம் எழுந்து, அலமாரியிலிருந்து சீருடைச் சட்டையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்க கிளம்புறீங்க?"

"சட்டையைத் தேய்க்கக் கொடுக்கணும். திங்கட்கிழமை போய்த்தானே ஆகணும்? ரயில் ஆளில்லாம நிக்குதாம்."

"அதை வெச்சுட்டு இங்க வந்து உட்காருங்க," என்றாள் அவள். "நிதானம், உங்களைத்தான்!"

அவர் வந்து உட்கார்ந்தார். அவள் ஒரு தாளை எடுத்து, மூக்குக்கு அருகில் வைத்து எழுதினாள். வரிகள் கொஞ்சம் மேலேயும் கீழேயும் போயின. எழுதியதைத் தானே படித்துக் காட்டினாள்.

"'ஐயா, என் வீட்டுக்காரர் இறந்துவிட்டதாக உங்கள் இயந்திரமே சொல்லியிருக்கிறது. உடலை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக என் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறான். இறந்தவர் வேலைக்கு வர முடியாது. கடைசி வரை அவர் சிவப்பைத் தாண்டவில்லை என்பதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளவும். பச்சை விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்பவும். நான் வந்து பார்க்கிறேன்.' சரியா இருக்கா?"

"ஆம்," என்றார் நிதானம். அவருடைய வலது கால் தரையை ஒருமுறை அழுத்தி எடுத்தது.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்து அது மறுபடியும் அழுத்தியதையும் பார்த்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவருடைய காலின் மேல் தன் காலை வைத்து அழுத்திப் பிடித்தபடி, உறையின் மேல் முகவரியை எழுத ஆரம்பித்தாள்.